போ என்று கேட்டது

திங்கட்கிழமை அந்த வீட்டில் நின்ற ஆக்கள் இவ்வளவுதான். நான். என் மச்சான், தங்கச்சியின் புருசன், வான் அவனுடையது. செத்த மனிசனின் தங்கச்சி. கவுன்சிலில் இருந்து வீட்டுத் திறப்பு வாங்க வந்த பொம்பிளை. அவ கடைசியில்தான் வந்தா, மேலே ஏறவும் இல்லை. செத்த மனிசன் பிணவறையில் இருந்தார், அவரைச் சேர்க்க ஏலாது. அலுமாரிக்கு மேலே ஒரு துணி மூட்டைக்குள் இன்னொருத்தி இருந்தா. அவவைச் சேர்த்தால் ஐந்து. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

லண்டனில், ஆர்ச்வேயில் ஏழாம் மாடி. லிப்ட் வேலை செய்தது. எங்கள் தொழிலில் முதல் பார்க்கிறது அதைத்தான்.

தொழில் என்றால் பெரிதாய் ஒன்றும் இல்லை. தனி ஆள் செத்தால், வாடகைக்குக் கொடுத்த கவுன்சில் வீட்டைத் திருப்பிக் கேட்கும். ஒரு சாமானும் இல்லாமல் வெறும் வீடாய்க் கொடுக்கவேணும். சொந்தக்காரருக்கு அழவே நேரம் காணாது, அலுமாரியை எங்கே தூக்குவது. நாங்கள் போவோம். நல்ல சாமான் அப்டன் பார்க்கில் ஒரு பழைய சாமான் கடைக்கு. மிச்சம் குப்பைக்கு. நான் விடிய நாலு மணிக்குப் பாண் ஸ்டோரில், ரொட்டி அடுக்குகிற வேலை, ஷிப்ட் தொடங்குவேன், பன்னிரண்டுக்கு முடியும். அதற்குப் பிறகு மச்சானோடு. அவன் என்னிலும் பத்து வயது இளையவன். எனக்கு ஐம்பத்தொன்பது. முழங்கால் இரண்டும் நோ.

செத்த மனிசனை எனக்குக் கண்டு பழக்கம். ஒரே கத்தோலிக்கக் கோயில். ஞாயிறு பத்து மணிப் பூசைக்குக் கடைசி வாங்கில் இருப்பார். அங்கோலா நாட்டுக்காரர். என்னைக் கண்டால் தலையை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன். பதினொரு வருசம் அவ்வளவுதான். தங்கச்சிக்காரி கோயில் அறிவிப்புப் பலகையில் மச்சானின் நம்பரைக் கண்டு போன் எடுத்தா.

அவவும் நானும் பிரெஞ்சில் கதைத்தோம். நான் லண்டனுக்கு வரமுதல் ஒன்பது வருசம் பாரிசில் கோப்பை கழுவினேன். அவ சின்ன வயதில் அங்கோலாச் சண்டைக்குப் பயந்து ஓடி, கொங்கோவில் வளர்ந்தவ. இரண்டு பேரிடமும் இருந்தது பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு இல்லை. ஆனபடியால் விளங்கியது. அவ சொன்னதை எல்லாம் இங்கே எங்கட பேச்சில் எழுதுகிறேன்.

என்னை அவ "பப்பா" என்றா. அந்தப் பக்கத்து ஆக்கள் வயது வந்த ஆம்பிளையை மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுறது. பொம்பிளை என்றால் "மமா". நான் "மமா, இந்தக் கதிரை?" என்று கேட்க, மச்சான் வாசலில் நின்று சிரித்தான்.

"இவ்வளவு வயதுக்குப் பிறகு உனக்கொரு மாமா கிடைச்சிருக்கிறார், மச்சான்."

"பேசாமல் தூக்கு."

மச்சானுக்குப் பிரெஞ்சு வராது. வேலை நேரத்தில் எங்களுக்குள் இரண்டு சொல்தான். போ. நில். நான் உள்ளே நின்று ஒரு சாமானைத் தூக்கிக் காட்டுவேன். வேண்டாம் என்றால் "போ". மச்சான் லிப்டில் ஏற்றிக் கீழே வானுக்குக் கொண்டு போவான். வேணும் என்றால் "நில்". அது சுவர்ப் பக்கம். ஒரு வீடு முடிய இந்த இரண்டு சொல்லும் நூறு தரம் கேட்கும்.

அவ அரை மணித்தியாலத்தில் பிடித்துவிட்டா. மெத்தையில் நான் கை வைக்க, வாய் திறக்கமுதல் "போ!" என்றா. இஸ்திரிப்பெட்டிக்குப் "போ!" கால் உடைந்த மேசைக்குப் "போ!" அண்ணனின் குளிர் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு "நில்" என்றா. பேந்து மணந்து பார்த்தா. "போ" என்றா. மச்சானுக்கு நல்ல சந்தோசம்.

"இவவை எங்களோட சேர்ப்பம், மச்சான். நீ வீட்டை இரு."

நாலரை மட்டில் அலுமாரிக்கு மேலே கை விட்டேன். மூட்டை ஒன்று கிடந்தது. மாவுச் சாக்குத் துணி, சுற்றிக் கயிறு. பெரிய பாரம் இல்லை. துணிக்கு மேலால் தடவினேன். மரம். மூக்கு மாதிரி ஒரு மேடு. மாதா சுருவம் என்று நினைத்தேன்.

அவ அதை என் கையால் வாங்கி யன்னல் தட்டில் வைத்தா. இரண்டு கையையும் அதன் மேலே வைத்தா.

"ப்வோ," என்றா.

எனக்குக் கேட்டது "போ". நடுவில் ஒரு வகரம் கிடந்தது. புதுசாய்ப் பழகின வாய், அப்படித்தான் வரும் என்று விட்டேன்.

"போவா?" என்று திருப்பிக் கேட்டேன்.

"ப்வோ," என்றா. தலையையும் ஆட்டினா. கண் நனைந்திருந்தது.

நனைந்ததைக் கண்டேன். சாமானை அனுப்பும்போது ஆக்கள் அழுகிறது புதிது இல்லை. ஒரு சோடி செருப்புக்கு அழுத மனிசரையும் கண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்துக் கீழே மணி அடித்தது. கவுன்சில் பொம்பிளை. தங்கச்சிக்காரி திறப்புகளை எடுத்துக்கொண்டு இறங்கினா.

அவிழ்த்துப் பார்த்திருக்கலாம். அவ ஏறி வரும்வரை பொறுத்திருக்கலாம். விடிய மூன்றுக்கு எழும்பினது. வீட்டை போனால் போதும் போல இருந்தது. மூட்டையைத் தூக்கி மச்சானிடம் கொடுத்தேன்.

"போ," என்றேன்.

அவன் ஏற்றினான்.

அவ திரும்பி வர, "நில்" சாமானை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு டேப் ஒட்டியிருந்தோம். மூட்டையும் அதற்குள் இருக்கு என்று அவ நினைத்திருக்கிறா. பெட்டியை அவவின் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு அப்டன் பார்க் போய் மிச்சத்தைக் கடையில் இறக்கினோம்.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிகிற நேரம் போன் வந்தது.

"பப்பா, ப்வோ எங்கை?"

"எது மமா?"

"ப்வோ. ப்வோ."

"போனதெல்லாம் போயிட்டுது, மமா. நேற்றே இறக்கியாச்சு."

"இல்லை. பெட்டி உடைச்சுப் பார்த்தன். ப்வோ அதுக்குள்ள இல்லை."

"போ எண்டது பெட்டிக்குள்ள இராது. நில் எண்டதுதான் இருக்கும்."

அவ பேந்து பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி ஆறுதலாய்ச் சொன்னா.

"பப்பா. நான் சொன்னது உங்கட சொல் இல்லை. எங்கட சொல். ப்வோ எண்டால் எங்கட பாசையில பொம்பிளை."

"எந்தப் பொம்பிளை?"

"முதல் பொம்பிளை. எங்கட ஆக்கள் எல்லாருக்கும் முந்தின தாய். துணிக்குள்ள இருந்தது அவவின்ட முகம். அண்ணன் அதை முகத்தில கட்டி ஆடினவர்."

நான் பாண் தட்டுகளுக்கு நடுவில் நின்றேன். பக்கத்தில் ஒருத்தன் வண்டிலைத் தள்ளிக்கொண்டு விலகச் சொன்னான். விலகினேன்.

"வியாழக்கிழமை அடக்கம்," என்றா. "ஆடின ஆள் போகேக்கை ப்வோவும் அவரோட குழிக்குப் போகவேணும். நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்குப் பிரேதப்பெட்டியை மூடிப்போடுவினம்."

"ஓம் மமா."

"என்ட மகளுக்கு வயித்தில ஏழு மாதம், பப்பா. முந்தி ரெண்டு தரம் தங்கேல்லை. ப்வோவைத் தனிய விட்டால் அவ எங்கட பொம்பிளையளைத்தான் பார்ப்பா."

"பார்ப்பா" என்பதை மெல்லமாய்ச் சொன்னா. நான் விளக்கம் கேட்கவில்லை. எங்கட பக்கத்திலும் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாததை மெல்லமாய்ச் சொல்லுகிற சொல் இருக்கு.

"கொண்டு வாறன்," என்றேன்.

மச்சானுக்குப் போன் எடுத்தேன்.

"நீதானே போ எண்டு சொன்னனி," என்றான்.

"ஓம். நான்தான்."

பேந்து அவன் வானைக் கொண்டு வந்து பாண் ஸ்டோர் வாசலில் நின்றான். நோர்த் சர்குலர் ரோட்டில் ஒன்றரை மணித்தியாலம். ஒரு பாலத்துக்குக் கீழே முக்கால் மணி அசையவில்லை. மச்சான் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டு "போ... ப்வோ... போ" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.

"ஒரே மாதிரித்தான் இருக்கு, மச்சான். ஆரும் விழுவினம்."

"நான் விழுந்திட்டன்."

"இனி 'ஏத்து' எண்டு சொல்லுவம்."

"ஏத்து எண்டால் வேற ஆற்றையும் பாசையில என்னவோ."

கடைக்காரர் யாழ்ப்பாணத்தார். ஜேர்மனியில் இருபது வருசம் இருந்துவிட்டு இங்கே வந்து கடை போட்டவர். பழைய சூட்கேஸ், பானை, காற்றாடி, கட்டில் சட்டம் எல்லாம் நடைபாதை வரைக்கும் அடுக்கியிருக்கும். நாங்கள் போக அவர் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நேற்று இறக்கின சாமானில துணி சுத்தின முகம் ஒண்டு..."

"ஓம், ஓம். நிமிர்ந்து பாருங்கோ."

நிமிர்ந்தேன். கடை வாசல் நிலைக்கு மேலே, தேசிக்காயும் காய்ஞ்ச மிளகாயும் கோர்த்த கயிற்றுக்குப் பக்கத்தில், கம்பியால் கட்டியிருந்தது. கண்ணூறு படாமல் இருக்க.

அப்போதுதான் அந்த முகத்தை முதல் முதல் பார்த்தேன். கறுத்துச் சிவந்த மரம், எண்ணெய் ஊறின மினுக்கம். கண் அரைவாசி மூடியிருந்தது, நித்திரையால் எழும்புகிற மாதிரி. வாய் கொஞ்சம் திறந்து பல்லுகள் கூராய்த் தெரிந்தன. நெற்றியில் ஒரு சிலுவை வெட்டியிருந்தது. எங்கட சிலுவை இல்லை, நாலு கையும் ஒரே நீளம். இரண்டு கண்ணுக்குக் கீழும் கோடு கோடாய் இறங்கியது. கண்ணீர். வெட்டினவன் அழவிட்டுத்தான் வெட்டியிருக்கிறான். ஆனால் முகம் அழவில்லை. அமைதியாய் இருந்தது.

தலை மொட்டை.

மச்சான் கீழே நின்று பார்த்தான். "இந்த முகத்துக்கு ஆர் அண்ணை பயப்பிடுவினம்? பாவமாயெல்லோ இருக்கு."

"அதுதான் காலமையில இருந்து பாக்கிறன். கண்ணூறும் போகேல்லை, ஆக்களும் வரேல்லை."

"இது எங்களுக்குத் திருப்பி வேணும், அண்ணை," என்றேன்.

"கொண்டு வந்ததை என்னெண்டு திருப்பிக் கேப்பியள்? கட்டுறதுக்கு நான் ஏணியில ஏறினது உங்களுக்கு விளையாட்டே? போன மாதமும் ஒரு தையல் மெசினை இப்பிடித்தான் திருப்பினியள்."

"பிழையாய் ஏத்திப்போட்டன்."

"உங்கட பிழைக்கு நான் ஏணி ஏறுறதோ?"

மச்சான் என் கையை இடித்தான். சொல்லாதே என்கிற இடி. எனக்கு விளங்கியது. இந்தக் கடைக்கு எட்டு வருசமாய்ச் சாமான் கொண்டு வருகிறோம். எங்கே இருந்து என்று அவர் கேட்டதில்லை. வீடு மாறுகிற ஆக்களின் சாமான் என்று மச்சான் முதல் நாளே சொல்லி வைத்திருந்தான். அந்த ஒரு பொய்யில்தான் எல்லாம் ஓடியது. வேறு வழி தெரிந்தால் அதைச் சொல்லியிருப்பேன். நேரமும் இல்லை, யோசிக்கத் தென்பும் இல்லை.

"செத்த ஆளின்ட சாமான், அண்ணை. அவரோட குழியில தாக்கவேணும். நாளைக்குப் பெட்டி மூடுகினம்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"செத்த வீட்டுச் சாமானே?"

"ஓம்."

"இது மட்டுமோ?"

அவர் கட்டில் சட்டங்களைப் பார்த்தார். சூட்கேஸ்களைப் பார்த்தார். தான் இருந்த கதிரையைப் பார்த்து எழும்பினார். அது போன வருசம் கிங்ஸ்பரியில் ஒரு வீட்டில் நாங்கள் ஏற்றினது.

"இவ்வளவு காலமும் என்ட கடைக்குச் செத்த வீட்டுத் துடக்குச் சாமானையே கொண்டு வந்து இறக்கினியள்? அறுவான்கள். நான் தொடமாட்டன். நீங்களே ஏறிக் கழட்டுங்கோ."

மச்சான் ஏணி பிடித்தான். நான் ஏறினேன். முகத்தின் ஓரத்தில் சுற்றிவர ஓட்டைகள் இருந்தன, சிலதில் அறுத்த கயிற்று நுனிகள். அதில் இரண்டில் கம்பியை விட்டு முறுக்கியிருந்தார். மரம் வெடிக்காமல் மெல்ல மெல்லக் கழட்டினேன்.

"இதின்ட தலைமயிர் எங்கை, அண்ணை?"

"கயிறு கயிறாய்த் தொங்கினது. பூச்சி. வெட்டிக் குப்பையில போட்டன். காலமை லொறி வந்து எடுத்திட்டுது." அவர் நடைபாதைக்கு இறங்கி நின்றுதான் கதைத்தார். "இனி இந்தப் பக்கம் வராதேங்கோ."

வானில் ஏறின பிறகு மச்சான் சொன்னான். "எட்டு வருசக் கடை."

"ஓம்."

"இன்னொண்டு பாக்கவேணும்."

"பாப்பம்."

மடியில் முகத்தை வைத்திருந்தேன். மேல்நோக்கி வைத்தால் பார்க்கிற மாதிரி இருந்தது. கவிழ்த்து வைக்க மனம் வரவில்லை. என் சுவெட்டரைக் கழட்டி மூடினேன்.

அவவின் வீட்டுக்குப் போக ஆறு மணி. கதவில் நின்றே வாங்கினா. சுவெட்டரை விலத்திப் பார்த்தா. கன்னத்தைத் தடவினா. கை மேலே போய் மண்டையில் நின்றது. ஓரத்தில் அறுத்த கயிற்றுத் துண்டுகள் முள்ளு மாதிரி நின்றன.

"வெட்டிப்போட்டாங்கள், மமா. குப்பையில போயிட்டுது. என்ட பிழை."

"ஓம்," என்றா.

இல்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அது எனக்குச் சரியாய் இருந்தது.

"இப்பிடி அனுப்ப ஏலாது," என்றா. "மொட்டைத் தலையோட ஒரு பொம்பிளை வெளிக்கிடுவாளே? சனத்துக்கு முன்னால நடந்தவ."

"என்ன செய்வம்?"

"பின்னவேணும்."

புதன்கிழமை ஷிப்ட் முடிய மச்சான் என்னை ஏற்றிக்கொண்டு பிரேதக் கடைக்குப் போனான். ஒரு மணி ஆகிவிட்டது. முன்னறையில் நீலக் கதிரைகள், சின்ன மேசையில் கண்ணீர் துடைக்கிற கடதாசிப் பெட்டி, பிளாஸ்டிக் பூ. உள்ளறையில் அண்ணன்காரர் பெட்டிக்குள். அவ முன்னறை நிலத்தில் துவாய் விரித்து காலமை ஒன்பது மணி தொடக்கம் இருக்கிறாவாம். பக்கத்தில் சணல் கயிற்றுப் பந்து, பாம் எண்ணெய்ப் போத்தல், ஒரு ஐஸ்கிறீம் டப்பாவில் சிவப்புத் தூள். செங்கல்லை இடித்து அரித்து எடுத்தது. அவையின் ஊரில் சிவப்பு மண் பூசுகிறதாம். லண்டனில் அந்த மண்ணுக்கு எங்கே போவது.

தலைக்கு வலை மாதிரி ஒரு தொப்பி முதலில் வேணும். முகத்து ஓட்டைகளில் அதைக் கட்டி, அதில்தான் பின்னல்களைத் தொங்கவிடுகிறது. அவ ஒரு காலுறையை வெட்டித் தைத்துப் பார்த்திருந்தா. அது இழுபட்டு நிற்கவில்லை. மச்சான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வெளியே போனான். வானுக்குள் கிடந்த வெங்காயப் பையோடு வந்தான். சிவப்பு வலைப் பை.

அவ அதை இழுத்துப் பார்த்தா. மண்டையில் போட்டுப் பார்த்தா. அளவாய் இருந்தது.

"இவர் ஆர்?" என்று என்னைக் கேட்டா.

"என்ட தங்கச்சியின்ட புருசன்."

"கெட்டிக்காரன் எண்டு சொல்லுங்கோ."

சொல்லவில்லை. சொன்னால் அவனைப் பிடிக்க ஏலாது.

நான் துவாயில் இருந்தேன். முழங்கால் மடங்கவில்லை, காலை நீட்டித்தான் இருந்தேன். கயிற்றை மூன்றாய்ப் பிரித்து, எண்ணெய் தொட்டு, இறுக்கிப் பின்னினேன். அவ தன் கையை நிற்பாட்டி என் கையைப் பார்த்தா.

"ஆம்பிளை. எங்கை பழகினனீங்கள்?"

"என்ட மனிசிக்கு வலது கை இயங்காமல் மூண்டு வருசம். அவவின்ட தலை நான்தான் இழுத்துப் பின்னுறது."

"வடிவாய்ப் பின்னுறியள்."

"அவ அப்பிடிச் சொல்லுறதில்லை. நோகுது எண்டு பேச்சுத்தான்."

அவ கிட்டத்தட்ட இருபது பின்னல் முடித்திருந்தா. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் மொத்தம். பின்னி, எண்ணெயில் குழைத்த செங்கல் தூளில் தோய்த்து, வலையில் முடிச்சுப் போடவேணும். கெதியாய்ச் செய்கிற வேலை இல்லை. மச்சான் கயிற்றை அளந்து வெட்டித் தந்தான். கறுத்தக் கோட்டுப் போட்ட பிரேதக் கடைப் பெடியன், இருபத்தைந்து வயது இருக்கும், வந்து எட்டிப் பார்த்தான்.

"இது உள்ளே வைக்கிறதா?"

"ஓம்," என்றா.

"எரிக்கிறதா, தாக்கிறதா?"

"தாக்கிறது."

"அப்ப பிரச்சினை இல்லை. நாலு மணிக்கு மூடவேணும், மேடம். ஐந்துக்குக் கோயிலுக்குக் கொண்டு போகவேணும்." முகத்தின் பல்லை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனான்.

பின்னிக்கொண்டே அவ கதை சொன்னா. ஆடுகிறது எப்போதும் ஆம்பிளைதானாம். முகத்தைக் கட்டி, மார்பு கட்டி, இடுப்பில் கனமாய்ச் சுற்றி, பொம்பிளையாய் வரவேணும். காலைச் சின்னச் சின்னதாய் எடுத்து வைக்கவேணும். சுற்றிவரப் பொம்பிளைகள் நின்று பார்ப்பார்கள். நடை பிழைத்தால் அவையே சிரித்துக் கலைத்துவிடுவினமாம். அண்ணனை ஒருநாளும் கலைத்ததில்லை. முகத்தை வெட்டுகிறவன் ஊரில் வடிவான ஒருத்தியைப் பார்த்து வைப்பானாம். அவவுக்குச் சொல்லமாட்டான். அவவின் தலைப் பின்னலை, நெற்றி வெட்டை, கண்ணுக்குக் கீழே குத்தின கோட்டை நாட்கணக்காய்க் களவாய்ப் பார்த்து மரத்தில் வெட்டுவான். கடைசியில் மரத்தில் இருக்கிறவவுக்கு ஒரு மோதிரம் கொடுப்பானாம், கலியாணம் மாதிரி.

இதை மச்சானுக்குச் சொன்னேன்.

"மரத்துக்கும் சீதனமோ?" என்றான்.

அவவிடம் கேட்டேன். சீதனம் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தவேண்டி வந்தது. பொம்பிளை வீட்டார் ஆம்பிளைக்குக் கொடுக்கிறது என்றேன். அவ பின்னலைக் கீழே போட்டா.

"பொம்பிளையையும் குடுத்து, பணமும் குடுக்கிறதோ?"

"ஓம்."

"எங்களிட்ட ஆம்பிளைதான் குடுக்கிறது. மரத்துக்கும் அப்பிடித்தான்."

"அப்ப நல்ல ஊர்," என்றான் மச்சான். மூன்று பெட்டையள் அவனுக்கு.

இரண்டரை மட்டில் என் விரலில் தோல் கிளம்பியது. சணல் அறுக்கும். டேப் சுற்றிக்கொண்டு பின்னினேன். பேந்து அவ, தலை நிமிராமல், சண்டைக்குள் வெளிக்கிட்டதைச் சொன்னா.

"எனக்கு ஒன்பது வயது. ஆறு ஒண்டு குறுக்கால ஓடுது. அண்ணனுக்கு ஒரு கையில சாக்கு, மற்றக் கையில நான். ஒண்டை விடு எண்டு கரையில நிண்ட ஆக்கள் கத்திச்சினம்."

"விடேல்லை."

"விடேல்லை."

அந்தச் சாக்கைத்தான் நான் "போ" என்று கொடுத்தது. நான் ஊரைவிட்டு வந்தபோது என் கையில் ஒன்றும் இருக்கவில்லை. விடு என்று சொல்லவும் ஆள் இருக்கவில்லை. அதை அவவுக்குச் சொல்லவில்லை. கயிறு எடுத்தேன்.

மூன்றே முக்காலுக்குப் பெடியன் வந்து நின்றான். நெற்றிப் பக்கமும் இரண்டு காதுப் பக்கமும் நிறைந்துவிட்டது. பிடரிப் பக்கம் வெங்காயப் பை சிவப்பாய்த் தெரிந்தது.

"இன்னும் பாதி இருக்கு," என்றா. பழையதில் நூறுக்கு மேலே இருந்ததாம். குரல் இறங்கிவிட்டது. மகளின் வயிறுதான் அவவின் கண்ணுக்குள் நின்றிருக்கும்.

"கால் மணித்தியாலம் தாறன், மேடம். அதுக்கு மேல ஏலாது. வண்டி வந்திடும்."

மச்சானும் இருந்து பின்னத் தொடங்கினான். அவன் பின்னினது வாழைநார் முறுக்கின மாதிரி இருந்தது. அவ அதையும் வாங்கி முடிச்சுப் போட்டா.

"பின்பக்கம் வெறுமையாய்க் கிடக்கே எண்டு கவலைப்படவேண்டாம் எண்டு சொல்லு, மச்சான்," என்றான். "அது படுக்கிற பக்கம்தானே. ஆர் திருப்பிப் பாக்கப் போகினம்?"

சொன்னேன். அவ என்னைப் பார்த்தா, அவனைப் பார்த்தா. சிரித்தா. மூன்று நாளில் முதல் தரம்.

நாலு அடித்தது. பெடியன் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைக் காட்டவில்லை, சும்மா கதவைத் திறந்து பிடித்தான். அவ முகத்தை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனா. நாங்கள் கதவடியில் நின்றோம். மனிசன் கோயிலுக்கு வருகிற அதே கோட்டோடு கிடந்தார். அவ முகத்தை அவரின் வலது தோளில் சாய்த்து வைத்தா. பின்னல்களை ஒவ்வொன்றாய் எடுத்து முன்னுக்கு விட்டா. செபமாலை ஏற்கெனவே அவரின் கையில் இருந்தது. அது அப்படியே இருந்தது.

"பாதருக்குச் சொன்னீங்களோ?" என்று கேட்டேன்.

"கேட்டால் சொல்லுவன்."

பெடியனும் இன்னொருத்தனும் மூடியைத் தூக்கி வைத்தார்கள். நான் சிலுவை போட்டேன். மச்சானும் போட்டான்.

வெளியே நடைபாதையில் நின்று அவ மகளுக்குப் போன் எடுத்தா. கை இரண்டும் எண்ணெயும் சிவப்பும். போனை நான் அவவின் காதில் பிடித்தேன். அவையின் பாசையில் கதைத்தா. எனக்கு ஒரு சொல்தான் பிடிபட்டது. மற்றப் பக்கத்தில் மகள் கனக்கக் கேட்டாள். அவ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றா. பேந்து என் பக்கம் திரும்பினா.

"தலைமயிரோடயோ போனவ எண்டு கேக்கிறாள். ஓம் எண்டன். நம்புறாள் இல்லை. எத்தனை பின்னல் எண்டு கேக்கிறாள். எனக்குத் தெரியேல்லை. பொய் சொல்ல ஏலாது, பப்பா. எண்ணினீங்களோ?"

எண்ணினேன். அவ எடுத்து எடுத்து முன்னுக்கு விடும்போது, கதவடியில் நின்று எண்ணினேன். மச்சான் பின்னினதையும் சேர்த்து.

நாற்பத்தேழு.